பிரபலங்கள் வந்த தளங்களும் நான் தங்கிய தளங்களும்

2009-இல் ட்விட்டரில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு பரபரப்பாகக் கிளம்பிய ஏறக்குறைய எல்லா சமூக வலைத்தளங்களிலும் ஒரு கணக்கு தொடங்கிப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் வருடக்கணக்கில் இருந்தேன், சிலவற்றில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அந்தத் தொழிலில் இருக்கும் ஆள் இல்லை, வெறும் பயனர்தான். இவ்வளவு காலம் பார்த்ததில் பிரபலங்கள் விஷயத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதியாகிவிட்டது: ஒரு தளத்துக்குக் கூட்டம் சேர்ப்பதில் அவர்களை அடிக்க ஆளில்லை, ஆனால் வந்த கூட்டம் மறுமாதமும் வருமா என்பதில் அவர்களுக்குப் பங்கு மிகக் குறைவு. அதோடு, அவர்களை வைத்துக்கொள்ள ஆகும் செலவில் ஒரு பகுதி நம்மைப் போன்றவர்கள் தலையில்தான் விழுகிறது.

முதலில் 2009-ஐப் பார்ப்போம். ட்விட்டர் 2006-இல் தொடங்கி, 2007 மார்ச்சில் அமெரிக்காவின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் தொழில்நுட்ப ஆட்கள் மத்தியில் பேசப்பட்டு, அதன்பின் பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் உலகத்துக்குத் தெரிய வைத்தது 2009 ஏப்ரல். பத்து லட்சம் ஃபாலோயர்களை யார் முதலில் தொடுவது என்று நடிகர் ஆஷ்டன் குட்சர் சிஎன்என் செய்தி நிறுவனத்துக்கே சவால் விட்டார், ஜெயித்தும் காட்டினார். (வேடிக்கை என்னவென்றால், அந்த சிஎன்என் கணக்கைத் தொடங்கி நடத்தி வந்தது நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஒரு தனிமனிதர், போட்டி சூடுபிடித்த சமயத்தில்தான் சிஎன்என் அதைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டது.) அதே ஏப்ரல் 17 அன்று ஓப்ரா வின்ஃப்ரே தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே உட்கார்ந்து முதல் ட்வீட்டைப் போட்டார், முழுக்கப் பெரிய எழுத்துகளில், கத்துகிற மாதிரி. அவ்வளவுதான், எல்லோருக்கும் ட்விட்டர் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில், பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது: ஒரு மாதம் ட்விட்டருக்கு வந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் அடுத்த மாதம் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் அந்த அலையில் சேர்ந்த நண்பர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். சேர்ந்தார்கள், குட்சரையும் ஓப்ராவையும் பின்தொடர்ந்தார்கள், ஒரு வாரம் படித்தார்கள், "சரி, இப்போ என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தங்கியவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால், தாங்கள் எழுதிய ஏதோ ஒன்றுக்கு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து பதில் வாங்கியவர்கள். நானும் அப்படித்தான் தங்கினேன். அந்தப் பதிலைப் போட்டவருக்கு அப்போது ஃபாலோயர்கள் நூறு பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் நடக்க முக்கியக் காரணம் தளத்தின் அமைப்பு. ட்விட்டரில் பின்தொடர்வது ஒருவழிப் பாதை; நான் ஒருவரைப் பின்தொடர அவர் சம்மதம் தேவையில்லை. ஃபேஸ்புக் அப்படியில்லை, இருவரும் ஒத்துக்கொண்டால்தான் நட்பு, அதுவும் 5,000 பேர்தான் உச்சவரம்பு. பிரபலங்களுக்கான பக்கங்கள் அங்கே 2007 கடைசியில்தான் வந்தன. அதற்கு முன், ஆரம்ப காலத்தில் ஃபேஸ்புக் கல்லூரி கல்லூரியாக, வகுப்புத் தோழர்களை வைத்தே வளர்ந்தது. அதனால் பிரபலம் இல்லாமல் ஒரு சமூக வலைத்தளம் வளரவே முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஒருவழிப் பாதையில் ஓடும் தளங்களுக்குத்தான் அவர்கள் உயிர்நாடி.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் பரிந்துரையில் காட்டிய எல்லாரையும் பின்தொடர்ந்தேன். கொஞ்ச காலத்திலேயே அவர்களில் இரண்டு ஜாதி இருப்பது புரிந்தது: தானே எழுதுகிறவர்கள், ஆள் வைத்து எழுதுகிறவர்கள். முதல் ஜாதிக்குச் சிறந்த உதாரணம் பிரிட்டிஷ் நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரை. 2009 பிப்ரவரியில் லண்டனில் ஒரு கட்டடத்தின் லிஃப்டில் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்தபடியே ட்வீட் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் படிக்கிறவர்களுக்கு அவரோடு அந்த லிஃப்டில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. இரண்டாவது ஜாதியை அடையாளம் காண்பது சுலபம்: எழுத்துப்பிழையே இருக்காது, யாருக்கும் பதில் இருக்காது, ஒரே பதிவு எல்லாத் தளத்திலும் ஒரே நிமிடத்தில் விழும், பண்டிகை வாழ்த்து தவறாது. இவர்களை வெட்டிவிட்டால் டைம்லைன் (நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் வரிசையாக வரும் பக்கம்) படிக்கும்படி ஆகிவிடும் என்று நினைத்து, ஒரு தளத்தில் பெரிய கணக்குகளை எல்லாம் வரிசையாக மியூட் செய்து பார்த்தேன். பாதி வேலைதான் செய்தது. அவர்கள் பதிவு வராது, ஆனால் அவர்களைப் பற்றி மற்றவர்கள் போடுவது வந்துகொண்டேதான் இருக்கும்: ஸ்கிரீன்ஷாட், கிண்டல், சண்டை, ரசிகர் படைகளின் ஹேஷ்டேக். ஒருவரை மியூட் செய்யலாம், அவரைப் பற்றிய பேச்சை எப்படி மியூட் செய்வது?

அப்போதைக்கு எது அதிகம் பேசப்படுகிறது என்று காட்டும் ட்ரெண்டிங் பட்டியல் கதையும் இதுதான். 2010-இல் பாடகர் ஜஸ்டின் பீபரின் பெயர் அந்தப் பட்டியலைவிட்டு இறங்கவே இல்லை. கடைசியில் ட்விட்டர் கணக்கிடும் முறையையே மாற்றியது: எவ்வளவு பேர் பேசுகிறார்கள் என்பதைவிட, திடீரென்று எவ்வளவு கூடியது என்பதற்கு மதிப்பு கொடுத்தார்கள், பீபர் இறங்கினார். ஆனால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? குறிப்பிட்ட நேரத்தில் எல்லாரும் சேர்ந்து புதுப்புது ஹேஷ்டேக் போடக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்குப் பிறந்தநாள் ஹேஷ்டேக்குகள் நேரம் குறித்து ட்ரெண்ட் ஆகிற கலையெல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் என்பது என் ஊகம்.

ஒருமுறை ஓரளவு பெரிய பிரபலம் ஒருவர் என் பதிவைப் பகிர்ந்தார். பெயர் வேண்டாம். அன்று முழுக்க நோட்டிஃபிகேஷன் நிற்கவில்லை, போன் சூடாகிவிட்டது, நிறையப் பேர் பின்தொடர்ந்தார்கள். அடுத்த சில வாரங்களில் அவர்களில் பலர் விலகிப் போனார்கள், மிச்சம் இருந்தவர்களும் நான் எழுதிய எதற்கும் வாய் திறக்கவில்லை. அவர்கள் அவருடைய ஆட்கள், வழியில் என் திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். அதைவிட எரிச்சல், அந்த ஒரு பதிவுக்குப் பிறகு அல்காரிதம் (யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் நிரல்) என்னை அதே மாதிரிப் பதிவு போடும் ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. வேறு எதை எழுதினாலும் யார் கண்ணிலும் படவில்லை. அது சரியாகப் பல மாதம் ஆனது.

தொழில்நுட்பப் பக்கமும் சுவாரசியமானது. யாராவது ட்வீட் போட்டால் அதை அவருடைய ஃபாலோயர்கள் ஒவ்வொருவரின் டைம்லைனிலும் கொண்டுபோய் வைப்பதுதான் ட்விட்டர் கையாண்ட முறை. எனக்கு இருநூறு பேர் என்றால் இருநூறு இடத்தில் வைத்தால் போதும். பாடகி லேடி காகாவுக்கு மூன்று கோடி பேர் இருந்த காலத்தில் அவருடைய ஒரு ட்வீட் கடைசி ஆளைச் சென்றடைய சில நிமிடங்கள் ஆனதாக ட்விட்டர் பொறியாளர்களே பேசியிருக்கிறார்கள். இதனால் மூல ட்வீட் வருவதற்கு முன்பே அதற்கான பதில் சிலருக்குத் தெரியும். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரு பதிலைப் பார்த்து விழித்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ! பிறகு பெரிய கணக்குகளை மட்டும் தனியாக வைத்து, நாம் டைம்லைனைத் திறக்கும்போது கலந்து கொடுக்கும் வழிக்குப் போனார்கள். அப்படியும் 2014 ஆஸ்கர் விழாவில் தொகுப்பாளர் எலன் டிஜெனரஸ் நட்சத்திரப் பட்டாளத்தோடு எடுத்த செல்ஃபி 20 லட்சம் ரீட்வீட்டைத் தாண்டிய இரவில் தளம் கொஞ்ச நேரம் திணறியது.

கணக்கு நிஜமானதுதான் என்று பெயருக்குப் பக்கத்தில் காட்டும் ப்ளூ டிக் வந்ததும் பிரபலங்களால்தான். தன் பெயரில் போலிக் கணக்கு இருப்பதாக அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர் டோனி லா ரூசா 2009-இல் வழக்குப் போட்டார், அதே ஜூனில் சரிபார்க்கப்பட்ட கணக்குகளை ட்விட்டர் அறிவித்தது. அவர்களுக்காக வந்தது என்றாலும் பலன் எனக்குத்தான் அதிகம் கிடைத்தது என்பேன். எது நிஜம், எது போலி என்று ஒரு பார்வையில் தெரிந்தது. 2022 நவம்பரில் எட்டு டாலர் கொடுத்தால் யாருக்கும் டிக் என்றானதும் அந்த வசதி போனது. எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவிக்க, நிஜ நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரலில் பழைய டிக்குகளை நீக்கிய பிறகு எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங், கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ், நடிகர் வில்லியம் ஷாட்னர் ஆகியோருக்கு மட்டும் தானே பணம் கட்டுவதாக, ட்விட்டரை வாங்கியிருந்த எலான் மஸ்க் சொன்னது எனக்குப் பெரிய தமாஷ். காசு கேட்டவரே தன் கைக்காசைப் போட்டுப் பிரபலங்களுக்கு டிக் வைத்தார் என்றால், யாருக்கு யார் தேவை என்பது தெரிந்துபோயிற்று.

பிரபலங்கள் வந்தும் தேறாத தளங்களுக்கு வருவோம். கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2011-இல் தொடங்கியபோது அங்கே அதிகம் பேர் பின்தொடர்ந்த ஆள் மார்க் சக்கர்பெர்க், போட்டிக் கம்பெனி முதலாளி! பிறகு பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் பத்து லட்சத்தை முதலில் தொட்டார். ஆனாலும் கூகுளே 2018-இல் சொன்னபடி, அங்கே வந்துபோனவற்றில் 90 சதவீதம் ஐந்து நொடிக்கும் குறைவானவை. 2019 ஏப்ரலில் மூடினார்கள். மைஸ்பேஸ் இன்னும் சோகம். 2005-இல் நியூஸ் கார்ப் ஊடக நிறுவனம் 58 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2011-இல் சுமார் 3.5 கோடிக்குத் தள்ளிவிட்டது; வாங்கியவர்களில் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் ஒரு பங்குதாரர். பிரபலம் பயனராக இல்லை, முதலாளியாகவே வந்தார், அப்படியும் எழவில்லை.

குரலில் மட்டும் பேசிக்கொள்ளும் கிளப்ஹவுஸ் செயலியில் 2021 தொடக்கத்தில் மஸ்க் பேசிய அறை 5,000 பேரோடு நிரம்பி வழிந்தது. அழைப்புக் கிடைக்காதா என்று ஆட்கள் அலைந்தார்கள். ஆண்ட்ராய்டுக்கு மே மாதம் வருவதற்குள் அந்தச் சூடு ஆறிவிட்டது. இன்ஸ்டாகிராம்காரர்களின் த்ரெட்ஸ் 2023 ஜூலையில் ஐந்தே நாளில் பத்துக் கோடி பேரைச் சேர்த்தது. பிரபலங்களுக்கு முன்கூட்டியே கதவு திறந்துவிட்டிருந்தார்கள், இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே நுழைய முடிந்தது. முதல் சில வாரங்களிலேயே கூட்டம் நன்றாகக் கலைந்து, பிறகு மெதுவாகத்தான் மறுபடி சேர்ந்தது. அந்த இரண்டாவது வளர்ச்சியில் எனக்கு மரியாதை அதிகம், அதற்கு யாரும் மேடை போடவில்லை.

போகும்போது அவர்கள் செய்யும் சேதம்தான் பயங்கரம். 2018 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னர், என்னை மாதிரியே இப்போதெல்லாம் ஸ்னாப்சாட்டைத் திறக்காதவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா என்ற பொருளில் ஒரு வரி போட்டார், அதுவும் ட்விட்டரில். ஸ்னாப்சாட்டை நடத்தும் ஸ்னாப் நிறுவனத்தின் பங்கு 6 சதவீதம் இறங்கி, சந்தை மதிப்பில் சுமார் 130 கோடி டாலர் காணாமல் போனது. அடுத்த பதிவில் இன்னும் பிடிக்கும் என்று சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

டிக்டாக் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது என்று நினைக்கிறேன். வெளியே இருந்து ஆள் கொண்டுவருவதைவிட உள்ளேயே உருவாக்கியது. பத்துக் கோடியை முதலில் தொட்ட சார்லி டமேலியோ அங்கேதான் பிரபலமானார். 2022-இல் அவரை முந்திய காபி லேம், 2020-இல் இத்தாலியில் தொழிற்சாலை வேலையை இழந்தவர். யாரைப் பின்தொடர்கிறோம் என்பதை அங்கே அல்காரிதம் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை, அதனால் முன்பே பேர் வாங்கிய ஆளுக்குத் தனிச் சலுகை குறைவு. பார்வையாளனாக எனக்கு அது பிடித்தது. எழுதுகிறவனாகப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அங்கே வழக்கமாக வந்து போகிற தெரிந்த முகம் என்று ஒன்றே உருவாவதில்லை.

இப்போது புதுத் தளம் ஒன்று வந்து, இன்னார் சேர்ந்துவிட்டார் என்று செய்தி பார்த்தால் நானும் கணக்குத் தொடங்கி என் பெயரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன், எழுதுவதில்லை. ஒன்றிரண்டு மாதம் கழித்துப் போய், ஐநூறு பேர், ஆயிரம் பேர் பின்தொடரும் நடுத்தரக் கணக்குகளின் பதிவுகளுக்குக் கீழே பதில்கள் இருக்கின்றனவா, பதிலுக்குப் பதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் உட்காருவேன். இல்லையென்றால் செயலியை அழித்துவிடுகிறேன், கணக்கு மட்டும் கிடக்கட்டும்.