பழைய எஸ்டீமின் டைமிங் பெல்ட்: வீட்டில் மாற்றி ஐந்தாண்டு ஓட்டிய பிறகு

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் 2005ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம் ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 2020இல் பதினைந்து ஆண்டு நிறைந்து, பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, அதற்கு முன்பாக டைமிங் பெல்ட்டை வீட்டு வாசலிலேயே வைத்து மாற்றினேன். அந்தப் புதுப்பிப்பு ஐந்தாண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் அடுத்த முறையும் வந்து போய்விட்டது. ஆகவே அந்த பெல்ட்டும் அதைச் சுற்றியிருந்த பாகங்களும் இடைப்பட்ட காலத்தில் எப்படி உழைத்தன என்று இப்போது நிதானமாக எழுத முடிகிறது. வேலை முடிந்த அன்று மாலையே எழுதப்படும் அனுபவங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் புது பெல்ட் போட்ட அன்று எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

மாற்ற வேண்டும் என்று முடிவு செய்ததற்குக் காரணம் கிலோமீட்டர் கணக்கு அன்று. அந்தக் காலத்துக் கார்களின் கையேடுகள் பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் ஓர் எல்லையையும், கூடவே ஆண்டுக் கணக்கில் ஓர் எல்லையையும் சொல்லும். எது முந்துகிறதோ அதைக் கொள்ள வேண்டும். பெங்களூரில் இதைச் சற்று மாற்றித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. மணிக்குச் சராசரியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்கு 60,000 கிலோமீட்டர் என்பது 1,000 மணி நேர ஓட்டம். சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகளின் நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து, சராசரி 20க்கு இறங்கிவிட்ட வண்டிக்கு அதே தூரம் 3,000 மணி நேரம். மீட்டர், சக்கரம் சுற்றியதைத்தான் எண்ணுகிறது. சிக்னலில் நிற்கும்போதும் பெல்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. என் வண்டியின் மீட்டர் அப்போது எல்லையைத் தொடவில்லை என்றாலும் நான் காத்திருக்கவில்லை.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்த இரண்டையும் பல் பிசகாமல் கட்டிவைப்பதுதான் இந்த பெல்ட்டின் வேலை. வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வந்து போகும் எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். அப்படி இல்லாத எஞ்சினில் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் அது மேம்பாலத்தின் நடுவில் நின்றால் அதுவும் போதுமான தண்டனைதான்.

சாமான்களை, வண்டிப் பாகங்கள் விற்கும் ஜே.சி. ரோட்டில் வாங்கினேன். பெல்ட்டோடு, அதை இறுக்கமாகப் பிடித்திருக்கும் டென்ஷனர், ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல், வாட்டர் பம்ப், அதன் கேஸ்கெட் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்கினேன். போலிச் சரக்கு கலந்து புழங்கும் பொருள் இது என்பதால், அட்டைப் பெட்டியின் அச்சை மட்டும் நம்பாமல், கழற்றிய பெல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பற்களின் எண்ணிக்கை, அகலம், பல்லின் வடிவம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டே ஏற்ற வேண்டும். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. மடித்தாலோ, முறுக்கினாலோ, உட்புறம் வெளியே வரும்படி புரட்டிப் பார்த்தாலோ அந்த இழை ஒடியும். வெளியே ரப்பரில் ஒன்றும் தெரியாது. கடைக்காரர் பெல்ட்டை வளைத்துக் காட்டினால் வேறொன்றைக் கேட்டு வாங்குவதே நல்லது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வலப்பக்கத்து முன்சக்கரத்தை எடுத்து, வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். வெறும் ஜாக்கியை நம்பி அதன் கீழே கை நீட்டுவதை நான் ஒப்புவதில்லை. மட்கார்டின் உட்பக்கத் தடுப்பை நீக்கினால் கிராங்க் புல்லி நேராகத் தெரியும். ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுற்றும் வெளி பெல்ட்டுகளைக் கழற்றியபின் கிராங்க் போல்ட்டுக்கு வந்தோம். என் மச்சான் உள்ளே உட்கார்ந்து ஐந்தாவது கியரைப் போட்டு பிரேக்கை முழுதாக மிதித்துக்கொள்ள, நீண்ட கைப்பிடி வைத்துத் திருகியதும் அது விட்டுக்கொடுத்தது.

கவரைத் திறந்தபோது தெரிந்ததுதான் இந்த வேலையிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது. பழைய பெல்ட்டின் பற்கள் முழுமையாக இருந்தன. முதுகுப்புறம் மட்டும் பளபளத்துக் கிடந்தது. ஆனால் எஞ்சின் பக்கத்து விளிம்பு நெடுக ஒரு விரற்கடை அகலத்துக்குக் கறுத்து, ஊறி, நூல் பிரிந்திருந்தது. நகத்தால் கீறினால் ரப்பர் குழைந்து வந்தது. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"பெல்ட்டுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. கீழ சீலு கசியுது பாருங்க. அதை விட்டுட்டு புதுசு போட்டாலும் இதே கதிதான்."

"அப்போ கேம் சீலையும் சேர்த்து மாத்திடலாமாண்ணே?"

"இவ்வளவு கழட்டியாச்சு, அதை மட்டும் எதுக்கு விடுறீங்க?"

டென்ஷனரைக் கையில் எடுத்து விரலால் சுற்றியபோது உள்ளே மணல் அரைபடுவது போன்ற உறுத்தல் இருந்தது. வாட்டர் பம்ப்பை இந்த எஞ்சினில் சுற்றுவது வெளி பெல்ட்தான் என்றாலும், பம்ப்பின் உடல் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், அது என்றைக்குக் கசிந்தாலும் இத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும்; கசியும் கூலண்டும் பெல்ட்டின் மேல்தான் விழும். பட்டறைகளில் 'பெல்ட் மாற்றம்' என்ற பெயரில் பல நேரம் பெல்ட் மட்டுமே மாறுகிறது. வீட்டில் செய்வதால் கிடைக்கும் உண்மையான லாபம், இந்த அக்கம்பக்கத்தைப் பார்க்கும் வாய்ப்புதான். கூலி மிச்சம் என்று நான் சொல்லமாட்டேன், போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரென்ச்சின் விலையே அதை விழுங்கிவிட்டது.

குறிகளைப் பொருத்துவதில் அவசரம் கூடாது. கேம் பற்சக்கரத்தின் குறியும், கிராங்க் பற்சக்கரத்தின் புள்ளியும் தத்தம் எதிர்க்குறிகளோடு நேராக நிற்க வேண்டும். 20 பல் உள்ள ஒரு கிராங்க் சக்கரத்தில் ஒரு பல் தவறினால் 18 டிகிரி தவறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், 'ஒரு பல்தானே' என்று யாரும் விடமாட்டார்கள். பெல்ட்டை ஏற்றி, டென்ஷனரின் ஸ்பிரிங் தானே இழுக்கும்படி விட்டு, கிராங்க்கை ஸ்பேனரால் வலச்சுற்றாக இரண்டு முழுச் சுற்று சுற்றிய பிறகே டென்ஷனரை இறுக்கி, குறிகளை மறுபடி பார்க்க வேண்டும். கையால் சுற்றும்போது எங்கேனும் தட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அந்த நிதானம் கிடையாது. கடைசியாக, கிராங்க் போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். சுசூகியின் இந்த வகை எஞ்சின்களில் அது சற்றுத் தளர்ந்தாலும் பற்சக்கரம் ஆடி ஆடி, அதைத் தண்டோடு பிணைக்கும் சிறு உலோகச் சாவி உட்காரும் பள்ளத்தைத் தேய்த்துவிடும் என்பது பலரும் அறிந்தது. பள்ளம் கெட்டால் கெடுவது கிராங்க்ஷாஃப்டே.

ஐந்தாண்டுக்குப் பிறகு நிலவரம் இது. ஒவ்வொரு சர்வீஸின்போதும் கவரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றி, அதைச் சற்று விலக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். விளிம்பு இன்றும் காய்ந்து சுத்தமாக இருக்கிறது, இரண்டு சீல்களும் கசியவில்லை, கூலண்ட் குறையவில்லை. மிக இறுக்கமாக இருந்தால் எழும் ஊளையும், தளர்ந்தால் கவரில் அடிக்கும் சத்தமும் இல்லை. மைலேஜோ இழுவையோ கூடவில்லை. கூடியதாகச் சொல்பவர்களுக்கு, முன்பே ஒரு பல் தவறி ஓடிக்கொண்டிருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

குறையென்றால் கவரைச் சுற்றியுள்ள ரப்பர்தான். பழையது விறைத்திருந்ததால் மாற்றினேன். வாங்கிப் போட்டது இரண்டு மழைக்காலத்திலேயே சுருங்கி, கீழ்மூலையில் விலகிவிட்டது. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளின் புழுதி அந்த இடைவெளி வழியாக உள்ளே போய் டென்ஷனரின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய ஒரிஜினல் ரப்பர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெல்ட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஆண்டு எல்லையை ஒட்டி அடுத்த கோடையில் மாற்றிவிடப்போகிறேன். டென்ஷனரும் இரண்டு சீல்களும் அப்போதும் புதிதாகவே போகும். வாட்டர் பம்ப்பை மட்டும் கழற்றாமல், தண்டை ஆட்டிப் பார்த்து, அடியில் கசிவுத் தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கேயே முடிவு செய்வேன்.