லேப்டாப் கீபோர்டு: மேலிருந்து நெம்புவதா, அடியில் திறப்பதா, கழற்றாமலே விடுவதா?

அக்காவின் லேப்டாப்பில் ‘3’, ‘ஈ’, ‘டி’, ‘சி’ ஆகிய நான்கு கீகள் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. மற்றவை எல்லாம் நன்றாக இருந்தன. “தூசி அடைஞ்சிருக்கும்டா, கழட்டித் துடைச்சுக் குடு” என்றாள். அந்த நான்கும் மேலிருந்து கீழாக ஒரே சாய்வு வரிசையில் இருப்பதைப் பார்த்ததும் காரணம் தூசி இல்லை என்று தெரிந்துவிட்டது.

கீபோர்டுக்குள் ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் ஓடும். கீயை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். ஒரு கோடு அறுந்தாலோ அரித்துப்போனாலோ அதிலுள்ள கீகள் கூட்டமாகப் போகும். தூசியோ பிஸ்கட் துகளோ அப்படிச் செய்யாது, தான் விழுந்த இடத்துக் கீயை மட்டும் பிடித்துக்கொள்ளும். கழற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு, ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் இரண்டு சோதனைகள். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்தியபடி வைத்திருந்தால் ‘ஃபில்டர் கீஸ்’ வசதி விழித்துக்கொள்ளும். அப்போது தட்டுவதெல்லாம் தாமதமாக வரும், அல்லது வராமலே போகும். கீபோர்டு போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான். அடுத்தது, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் அம்புக்குறிக் கீகளையும் என்டரையும் அழுத்திப் பாருங்கள். அங்கே வேலை செய்து விண்டோஸுக்குள் செய்யவில்லை என்றால் கோளாறு மென்பொருளில் இருக்கிறது.

இவை இரண்டும் இல்லை என்றால் வழிகள் ஐந்து: கழற்றாமல் சுத்தம் செய்வது, மேலிருந்து கழற்றுவது, அடிவழியாகப் போய் கீபோர்டை மட்டும் மாற்றுவது, பேனலோடு மாற்றுவது, வெளியே ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிக்கொள்வது. எது சரி என்பதை உங்கள் லேப்டாப்பில் கீபோர்டு எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. அதைப் பார்க்காமல் “நான் வீட்டிலேயே மாத்தினேன், பத்து நிமிஷம்தான்” என்று ஒருவர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். அவருடைய லேப்டாப் வேறு, உங்களுடையது வேறு.

கழற்றாமல் சுத்தம்

சுத்தம் செய்வதுதான் நோக்கம் என்றால் என் பதில் உறுதியானது: முழு கீபோர்டையும் கழற்ற வேண்டாம். கீபோர்டின் அடியில் கெட்டியான தகடு இருக்கிறது. அழுக்கு அந்தத் தகட்டுக்கு மேலே, கீகளின் மூடிகளுக்குக் கீழே இருக்கிறது. மொத்தமாக வெளியே எடுத்தாலும் அழுக்கும் கூடவே வரும்; எப்படியும் மேல்பக்கமிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு எதற்கு கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிளைத் தொட வேண்டும்?

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, சாய்த்துப் பிடித்து, கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் ஊதியால் ஊதினாலே பெரும்பாலானது வந்துவிடும். மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்லும் முறையும் ஏறக்குறைய இதுதான். 75 பாகை சாய்த்துப் பிடித்து, அழுத்தக் காற்றை இடமிருந்து வலமாக அடிக்கச் சொல்கிறார்கள். காற்று டப்பாவை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். கவிழ்த்தால் உள்ளிருக்கும் திரவம் வெளியே பீச்சும்.

ஒரே ஒரு கீ மட்டும் ஒட்டிக்கொள்கிறது என்றால் அதன் மூடியை மட்டும் எடுக்கலாம். மூடிக்கு அடியில் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டங்கள், நடுவில் ஒரு சின்ன ரப்பர் குமிழ். அந்தச் சட்டம் மூடியை ஒரு பக்கம் கொக்கியாலும் மறுபக்கம் நழுவும் பள்ளத்தாலும் பிடித்திருக்கும். எந்தப் பக்கம் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தவறான பக்கத்தை நெம்பினால் நூல் தடிமன் உள்ள கொக்கி ஒடியும். அதனால் முதலில் அதிகம் பயன்படாத ஒரு கீயை நகத்தால் மெதுவாகத் தூக்கிப் பழகுங்கள். ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் போன்ற நீளக் கீகளுக்கு அடியில் மெல்லிய கம்பியும் இருக்கும். அதைத் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. கட்டாயம் இல்லையென்றால் அவற்றை விட்டுவிடுங்கள். 2015 முதல் 2019 வரை மேக்புக்குகளில் வந்த ‘பட்டர்ஃபிளை’ கீபோர்டாக இருந்தால் எந்த மூடியையும் தொடாதீர்கள். அதன் சட்டம் அவ்வளவு மெலிது.

துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால், அதுவும் 99 சதவீதம். பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள், நேரடியாக ஊற்றாதீர்கள். தாள்களுக்கு இடையே போன ஈரம் சுலபத்தில் வெளியே வராது. காபி கொட்டிய கீபோர்டு ஒரு வாரம் வெயிலில் காய்ந்த பிறகும் தேறாததற்கு அதுதான் காரணம்: தண்ணீர் போய்விடும், சர்க்கரை இருந்துவிடும். அந்த நிலைக்கு வந்ததைச் சுத்தம் செய்து மீட்க நான் இப்போது முயல்வதே இல்லை.

மேலிருந்து வருவது

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பெரும்பாலான லேப்டாப்புகள் இந்த வகை. தமிழக அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய காலம் அது. பல வீடுகளில் பரண்மேல் கிடப்பவை அந்தக் காலத்து இயந்திரங்கள்தான்.

அடையாளம் காண்பது எளிது. அடிப்பக்கத்தில் சில ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் சின்ன கீபோர்டு படம் பொறித்திருக்கும். இல்லையென்றால் எஃப்1, எஃப்2 வரிசைக்கு மேலே விளிம்போரம் நாலைந்து சின்னக் கொக்கிகள் தெரியும். சிலவற்றில் இரண்டும் உண்டு. பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். அடி ஸ்க்ரூக்களைக் கழற்றி, லேப்டாப்பைத் திருப்பி, பழைய ஏடிஎம் கார்டு ஒன்றால் கொக்கிகளைத் திரைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே விளிம்பைத் தூக்கினால் கீபோர்டு எழுந்துவரும். டி420, எக்ஸ்220 போன்ற பழைய திங்க்பேடுகளில் திசை நேரெதிர். கீபோர்டைத் திரையை நோக்கிக் கொஞ்சம் தள்ளி, முன்விளிம்பைத் தூக்க வேண்டும். ஒரே வகை என்றாலும் திசை மாறினால் உடையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுந்து வந்ததும் அப்படியே இழுக்காதீர்கள். இரண்டு விரல்கடை மட்டும் தூக்கி, டச்பேட் பக்கமாகக் கவிழ்த்து வையுங்கள். அடியில் ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் மதர்போர்டில் போய்ச் செருகியிருக்கும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் பெரிய நஷ்டம் வருவது இந்த ஒரு அங்குல இடத்தில்தான். கேபிளைப் பிடித்திருக்கும் லாக் இரண்டு விதம். ஒன்று கதவு போல நிமிரும், நகத்தால் மேலே தூக்கினால் போதும். மற்றது இழுப்பறை போல, இரு முனைகளையும் மாறி மாறி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ள வேண்டும். முதன்முதலில் நான் செய்தபோது இழுப்பறை வகையைக் கதவு வகை என்று நினைத்து நிமிர்த்தினேன். ‘டிக்’ என்றொரு சத்தம். மிளகு அளவு கருப்புத் துண்டு மேசையில் விழுந்தது. அந்த இணைப்பானை மாற்ற வேண்டுமானால் மதர்போர்டில் சாலிடரிங் செய்ய வேண்டும். கீபோர்டைவிட அதற்குச் செலவு அதிகம் ஆனது. அன்றிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்த லாக்கையும் தொடுவதில்லை.

திரும்பச் செருகும்போது ரிப்பனில் அச்சிட்ட கோடு இணைப்பானின் விளிம்புக்குச் சரியாக இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் சில கீகள் வராது. சொல்லப்போனால், கூட்டமாகக் கீகள் போன லேப்டாப்பில் முதலில் செய்ய வேண்டியது இந்த ரிப்பனைக் கழற்றி, முனையைத் துடைத்து மறுபடி செருகுவதுதான். சில நேரம் அதுவே போதும், புதுக் கீபோர்டு வாங்கவே வேண்டாம்.

அடிவழி

இன்றைய மெலிந்த லேப்டாப்புகளில் மேலே கொக்கியும் இல்லை, அடியில் படமும் இல்லை. கீபோர்டு உள்பக்கமிருந்து மேல்பேனலோடு பிணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பேனலைக் கடைக்காரர்கள் ‘சி பேனல்’ என்பார்கள். லேப்டாப்பின் திரை மூடியின் முதுகு ஏ, திரையைச் சுற்றிய சட்டம் பி, கை வைக்கும் பகுதி சி, அடித்தட்டு டி. கீபோர்டைத் தொட வேண்டுமானால் டி-யைத் திறந்து, பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி, பிறகு மின்விசிறி, ஸ்பீக்கர், மதர்போர்டு என்று எல்லாவற்றையும் இறக்கி, கடைசியாகத்தான் அங்கே போய்ச் சேர முடியும். கழற்றுகிற ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுபோல இருக்காது. ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது மறுபக்கம் முட்டிக்கொண்டு வெளியே வரும்.

இப்போது போட்டி இரண்டுக்கு இடையில். கீபோர்டை மட்டும் மாற்றுவதா, சி பேனலையே மாற்றுவதா?

உள்ளே கீபோர்டு சின்னச் சின்ன ஸ்க்ரூக்களால் பிடித்திருந்தால், அவை ஐம்பதே ஆனாலும், கீபோர்டை மட்டும் மாற்றுங்கள். பொறுமைதான் செலவு. பல லேப்டாப்புகளில் ஸ்க்ரூ இல்லை, ரிவெட் இருக்கிறது. பேனலிலிருந்து முளைத்த பிளாஸ்டிக் குச்சிகள் கீபோர்டுத் தகட்டின் துளை வழியே வந்து, தலை காளான் போல உருக்கி அமுக்கப்பட்டிருக்கும். அந்தத் தலைகளைச் சீவினால்தான் பழையது வரும். புதியதை வைத்து மிச்சக் குச்சிகளைச் சாலிடரிங் அயர்னால் உருக்கிப் பிடிக்க வைக்க வேண்டும். கை பழகியவர்கள் இதை அருமையாகச் செய்கிறார்கள். ஆனால் சீவியபின் குச்சியில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். சூடு கூடினால் பின்னாலுள்ள கீபோர்டுத் தாளோ பின்ஒளித் தாளோ கருகும். எல்லா இடத்திலும் பிடிக்காவிட்டால் நடுவில் தொய்வு விழும். என் பழைய லேப்டாப்பை ஒரு கடையில் இப்படிப் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ‘ஜி’, ‘எச்’ இருக்கும் பகுதி அழுத்தும்போதெல்லாம் பலகை போல உள்ளே அமுங்கியது. எழுதுவதே தொழிலாக இருக்கிற ஒருவருக்கு அது தினமும் உறுத்தும்.

அதனால் ரிவெட் என்றால் என் ஓட்டு கீபோர்டோடு வரும் சி பேனலுக்கு. விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. மதர்போர்டு முதல் கைரேகை சென்சார் வரை எல்லாவற்றையும் புதுப் பேனலுக்குக் குடிபெயர்க்க வேண்டும். ஆனால் கீபோர்டு தொழிற்சாலையில் பொருத்தியபடி உறுதியாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் மூன்று நான்கு வருடம் ஓடிய லேப்டாப்பில் திரையை மடக்கும் கீல் பக்கத்தைப் பாருங்கள். கீல் ஸ்க்ரூ இறங்கும் பித்தளைக் குமிழ்கள் பல லேப்டாப்புகளில் சி பேனலின் பிளாஸ்டிக்கில்தான் பதிந்திருக்கும், அந்த பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டிருக்கும். பேனல் மாற்றினால் அந்த நோயும் சேர்ந்து தீரும். கீல் நன்றாக இருக்கிறது, லேப்டாப்பும் வயதானது, இன்னும் ஒரு வருடம் ஓடினால் போதும் என்றால் மட்டும் ரிவெட் வேலை நியாயம்.

பெரும்பாலான மேக்புக்குகளில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. பட்டர்ஃபிளை கீபோர்டுகளுக்கு 2018 ஜூனில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தபோது, ஒரு கீ போனதற்காக மேல்பேனலையும் அதில் ஒட்டியிருந்த பேட்டரியையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தார்கள். நேர்மாறாக ஃபிரேம்வொர்க் என்ற நிறுவனம் 2021 முதல் விற்கும் லேப்டாப்பில் அடியில் ஐந்து ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் மேல்பேனல் முழுசாகக் கையில் வரும். வடிவமைக்கும்போதே மனது வைத்தால் இதெல்லாம் முடியும் என்பதற்காகவே அதைக் குறிப்பிடுகிறேன்.

யூஎஸ்பி கீபோர்டு

மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு இது மலிவான, மரியாதையான தீர்வு. சில கீகள் செத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு கீ அழுந்தியபடியே நின்று ‘ஏஏஏஏ’ என்று ஓடிக்கொண்டிருந்தால், வெளிக் கீபோர்டைச் செருகியும் அது நிற்காது. உள் கீபோர்டின் ரிப்பனைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் பவர் பட்டன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இப்போது பல லேப்டாப்புகளில் அது கீபோர்டின் மேல்வரிசையிலேயே ஒரு கீயாக இருக்கிறது. ரிப்பனைக் கழற்றினால் இயந்திரத்தை ஆன் செய்யவே வழி இருக்காது.

அக்காவுடையது மேலிருந்து கழற்றும் வகை. ரிப்பனைத் துடைத்துச் செருகியும் நான்கு கீகளும் வரவில்லை. கழற்றிய கீபோர்டின் முதுகில் ஒட்டியிருந்த பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், ஒரே மாடலில் இரண்டு மூன்று விதக் கீபோர்டு வரும். ரிப்பன் புறப்படும் இடமும் அதன் நீளமும் என்டர் கீயின் வடிவமும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று படத்தோடு வைத்துப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ரிப்பனை மட்டும் செருகி, கீபோர்டைச் சும்மா மேலே வைத்து, பேட்டரியைப் போட்டு ஆன் செய்தேன். அக்கா தமிழ்99 தட்டச்சு முறையில் ஒவ்வொரு கீயாக அழுத்தி எழுத்து வருகிறதா என்று பார்த்தாள். கடைசிக் கீயும் வந்த பிறகு அணைத்து, பேட்டரியை மறுபடி எடுத்துவிட்டுத்தான் கொக்கிகளை அழுத்தி, ஸ்க்ரூக்களைப் போட்டேன்.