டிஸ்னி பிரின்சஸ் அரை மாரத்தான்: தோழியோடு ஓட வேண்டிய 21 கிலோமீட்டர்

போன தடவையைவிட ரெண்டு நிமிஷம் குறைக்க வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்கு ஃபுளோரிடாவில் நடக்கும் டிஸ்னி பிரின்சஸ் அரை மாரத்தான் ஒத்துவராது. ஆனால் ரொம்ப நாளாகப் பார்க்காத தோழியோடு ஒரு முழு நாளைக் கழிக்க வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாக்கு வேறில்லை. நான் அட்லாண்டாவிலிருந்து போனேன், அவள் டாலஸிலிருந்து வந்தாள். திருச்சியில் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள்.

2009-இல் தொடங்கிய ஓட்டம் இது. பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில், வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள்ளேயே நடக்கிறது. வெள்ளிக்கிழமை 5 கிலோமீட்டர், சனிக்கிழமை 10, ஞாயிற்றுக்கிழமை 21.1. சனி, ஞாயிறு இரண்டையும் ஓடினால் தனியாக ஒரு பதக்கம் உண்டு. பெயரில்தான் பிரின்சஸ், ஆண்களும் ஓடலாம். நிறையப் பேர் மகளோடும் மனைவியோடும் ஓடினார்கள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழ வேண்டும், இதில் சமரசமே கிடையாது. ஓட்டம் தொடங்குவது காலை ஐந்து மணிக்கு. அதற்குள் சாலைகளை மூடிவிடுவார்கள், அதனால் விடுதிப் பேருந்தை அதற்கு வெகு முன்பே பிடித்தாக வேண்டும். இறங்கிய இடத்திலிருந்து புறப்படும் கோட்டுக்கும் நல்ல தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. ஃபுளோரிடாதானே என்று மெல்லிய சட்டையோடு போய்விடாதீர்கள், விடியற்காலையில் குளிரும். பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், புறப்படும்போது கழற்றிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியை மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அறையிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பதினோரு மணி வரை அதுதான் தாங்கியது.

இந்த ஓட்டத்தில் வேஷம் கட்டுவது பாதிச் சந்தோஷம். தோழி தன் அம்மாவின் பழைய மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையின் முந்தானையை வெட்டி, 'அலாதீன்' படத்து இளவரசி ஜாஸ்மின் மாதிரி இடுப்பில் சுற்றிக்கொள்ளத் தைத்திருந்தாள். சரிகை உடம்பில் உரசாமல் இருக்க உள்பக்கம் முழுக்கப் பருத்தித் துணி வைத்திருந்தாள். இது முக்கியம். சரிகையோ சமிக்கியோ அக்குளிலும் தொடையிலும் பட்டால் 21 கிலோமீட்டருக்குள் தோலை உரித்துவிடும். நான் 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்' படத்து இளவரசி டியானாவின் பச்சை நிறத்தில் வலைத்துணிப் பாவாடை போட்டிருந்தேன். முன்னால் நின்ற ஒரு அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். தலையில் கிரீடம், முதுகில் பேத்திகளின் பெயர்கள் எழுதிய அட்டை. தோழி அவரையே பார்த்துவிட்டு, "நாமளும் அந்த வயசுல வரணும்டீ" என்றாள். வந்தே தீருவோம்.

ஒவ்வொரு கூட்டமாகத்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாக வாணவேடிக்கை. கடைசியில் நிற்பவர்களுக்கும் அதே மரியாதை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் எப்காட் பூங்கா அருகே தொடங்கி, மேஜிக் கிங்டம் என்ற இன்னொரு பூங்காவுக்குள் புகுந்து, மறுபடி எப்காட்டுக்கே திரும்புவதுதான் பாதை. நடுவில் பெரும்பகுதி வெறும் நெடுஞ்சாலை. அங்கங்கே டிஸ்னி கதாபாத்திரங்கள் நிற்க, படம் எடுக்க வரிசை நீளும். யாருக்காக நிற்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். காரணம், ஒரு மைலுக்கு 16 நிமிடம் என்ற வேகத்துக்குக் கீழே போகக்கூடாது. கடைசிக் கூட்டத்தின் பின்னால் அதே வேகத்தில் பலூன் கட்டிக்கொண்டு சிலர் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் தங்கிவிட்டால் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். கிலோமீட்டர் கணக்கில் சுமார் பத்து நிமிடம், வேகமாக நடந்தாலே போதும். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் நின்றால் அந்த நிமிடங்கள் கரைந்துவிடும். நாங்கள் ரெண்டே ரெண்டு கதாபாத்திரங்களுக்கு மட்டும் நிற்பது என்று முடிவு செய்தோம்.

ஐந்து மைல் தாண்டி, மேஜிக் கிங்டத்தின் சிண்ட்ரெல்லா கோட்டைப் பக்கம் வரும்போது விடிந்திருந்தது. மெயின் ஸ்ட்ரீட்டில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, பெயரே தெரியாத நம்மைக் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். அங்கிருந்து சுற்றிப் போய், சிண்ட்ரெல்லா கோட்டையின் பின்பக்கம் நுழைந்து முன்பக்கமாக வெளியே வருகிறோம். வழி குறுகல், எல்லோருக்கும் நடை தானாகவே தளர்கிறது. உள்ளே சுவர் முழுக்கச் சிண்ட்ரெல்லா கதையைச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளால் படமாக்கிப் பதித்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தேன், ரெண்டு பேரும்தான் அழுதோம்.

இதற்கு அப்புறம்தான் கஷ்டம். கடைசி மூன்று மைலில் மேம்பாலச் சரிவுகள் வரிசையாக வருகின்றன, வெயிலும் ஏறிவிடும். பயிற்சியில் ஏற்றம் சேர்த்துக்கொள்ளாதவர்களின் முட்டி இங்கேதான் கெஞ்சும். சரிவில் 'டாய் ஸ்டோரி' படத்துப் பச்சைப் பொம்மைச் சிப்பாய் வேஷத்தில் ஒருவர் நின்று, ராணுவ மேஜர் மாதிரி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அந்த அதட்டலில் ஒரு சரிவை ஏறியே முடித்துவிட்டோம்.

பதக்கம் கழுத்தில் விழுந்ததும் விடுதிக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். பாதி நாள் இன்னும் பாக்கி. குளித்து உடை மாற்றிக்கொண்டு எப்காட்டுக்குப் போங்கள். வேஷத்தோடு போக முடியாது. 14 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களைச் சாதாரண நாளில் வேஷத்தோடு பூங்காவுக்குள் விடுவதில்லை. பதக்கத்தை மட்டும் கழற்றாதீர்கள். டிக்கெட் பார்ப்பவர் முதல் தட்டு எடுப்பவர் வரை வாழ்த்தாமல் யாரும் போவதில்லை.

முதலில் ஸ்பேஸ்ஷிப் எர்த். அந்தப் பெரிய வெள்ளிக் கோளத்துக்குள் மெதுவாகப் போகும் வண்டியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கலாம். அன்றைக்குக் காலுக்கு வேண்டியது அதுதான். அப்புறம் ஏரியைச் சுற்றியிருக்கும் பதினோரு நாடுகளின் அரங்குகள். மெக்சிகோவில் பிரமிடுக்குள் நுழைந்தால் நடுப்பகலிலும் இரவு மாதிரி இருட்டு, குளிர்ச்சி, ஒரு படகுச் சவாரி. நார்வே பேக்கரியில் ஸ்கூல் பிரெட் என்று ஒன்று: ஏலக்காய் போட்ட பன்னுக்குள் கஸ்டர்டு, மேலே வறுத்த தேங்காய்த் துருவல். ஏலக்காயும் தேங்காயும் நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்! ஆளுக்கொன்று வாங்குங்கள், பங்கு போட மனசு வராது. அங்கேயே ஏரிக்கரையில் உட்கார்ந்து, அவள் அப்பாவின் அறுவைச் சிகிச்சை, என் வேலை மாற்றம் என்று தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் முழுசாகப் பேசினோம்.

செலவு அதிகம், மறைக்க மாட்டேன். அரை மாரத்தானுக்கு மட்டுமே 200 டாலருக்கு மேல். பூங்கா டிக்கெட், விடுதி, விமானம் எல்லாம் தனி. பணத்தைப் பார்த்துத் தயங்கினால் 5 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பதக்கமும் உண்டு, வேஷமும் கட்டலாம், கோட்டை மட்டும் கிடையாது. கோட்டைதான் வேண்டுமென்றால் அரை மாரத்தானுக்கே பணம் கட்டுங்கள். பதிவு தொடங்கும் நாளில் தோழியும் நீங்களும் ஒரே நேரத்தில் கணினி முன் உட்காருங்கள், ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகக்கூடாது. ஊர் திரும்ப விமானத்தைத் திங்கள் மதியத்துக்கு மேல் போடுங்கள்.