ஆட்டம் வாங்க எந்தக் கடை: ஸ்டீமா, இட்ச்சா, எஃப்-டிராய்டா?

மைண்டஸ்ட்ரி என்ற வீடியோ ஆட்டத்தை மூன்று இணையக் கடைகளிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். கணினி ஆட்டங்களுக்கான பெரிய கடையான ஸ்டீமில் விலை கொடுத்து வாங்கினேன். சிறு படைப்பாளிகள் தங்கள் ஆட்டங்களை நேரடியாக விற்கும் இட்ச்சில் மனதுக்குப் பட்ட தொகையைக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு போனுக்கான செயலிக் கடையான எஃப்-டிராய்டில் இலவசமாகப் போனில் இறக்கினேன். ஆட்டம் ஒன்றே என்பதால் கடைகளின் வித்தியாசம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. எனக்கு இப்போது எஃப்-டிராய்டுதான் பிடித்திருக்கிறது.

வசதியில் ஸ்டீமை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் விற்பனையில் வழக்கமாக 30 சதவீதம் கடைக்குப் போகிறது. இட்ச்சில் கடையின் பங்கை ஆட்டத்தை உருவாக்கியவரே முடிவு செய்யலாம், பூஜ்யமாகவும் வைக்கலாம். சரி, இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கடைக்காரர் மனம் மாறினால் ஆட்டம் என்னிடம் இருக்குமா? ஸ்டீமில் நமக்குக் கிடைப்பது ஆடுவதற்கான உரிமம் மட்டுமே, ஆட்டம் நமக்குச் சொந்தமாவதில்லை. கணக்கு போனால் மறுபடி இறக்க வழியில்லை. இப்படி விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. ஆட்டங்களைத் தயாரிக்கும் யூபிசாஃப்ட் நிறுவனம் தன் 'தி க்ரூ' ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியாமல் போனது. இட்ச் இதில் மேல். பெரும்பாலும் கோப்பு நேராகக் கைக்கு வந்துவிடும், நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அது ஒரு தனியார் நிறுவனம்; நாளை விதிகளை மாற்றினால் நாம் கேள்வி கேட்க முடியாது.

எஃப்-டிராய்டு நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் ஓடுகிறது. கணக்கு திறக்கத் தேவையில்லை. அங்குள்ள ஒவ்வொரு ஆட்டத்தின் மூல நிரலும் (அதை எழுதிய கணினிக் குறிமுறை) யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்தச் செயலியில் வேறு யாருடைய களஞ்சியத்தையும், அதாவது அவர்கள் தரும் செயலித் தொகுப்பையும், சேர்த்துக்கொள்ளலாம். நாளை எஃப்-டிராய்டே நின்றுபோனாலும் இன்னொருவர் அதே ஆட்டங்களை அதே செயலி வழியாகத் தர முடியும். லாபம் எதிர்பார்க்கும் முதலீட்டாளர் இல்லாத இடத்தில் ஆளைக் கட்டிப்போட வேண்டிய அவசியமும் இல்லை.

குறையும் உண்டு. அங்கே யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் மட்டும்தான், விற்பனை கிடையாது. அதனால் பெரிய நிறுவனங்களின் ஆட்டங்கள் வருவதில்லை. நடத்தும் செலவுக்கு மட்டும் பங்கு எடுத்துக்கொண்டு, வாங்கியவர் கையில் நிறுவல் கோப்பைக் கொடுத்துவிடும் லாப நோக்கமற்ற கடை ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே ஸ்டீமின் வசதிகள் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான் ஆசைப்படும் கடை வரும்வரை, உருவாக்கியவருக்குப் போக வேண்டிய பணத்தை இட்ச்சில் கொடுத்துவிட்டு, ஆட்டத்தை எஃப்-டிராய்டில் இறக்கி ஆடுகிறேன்.