நான்கு ஆண்டுகள் க்ரோமேக்ஸுடன்: லிடோகெயினும் என் கடைவாய்ப்பல்லும்

பல் பிடுங்கும் முன் ஈறு மரத்துப்போகப் போடும் லிடோகெயின், செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வுக்குள் எங்கே போய்த் தங்குகிறது என்று கணினியில் பார்ப்பதுதான் என் ஆய்வு. அதற்காக, மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்று கணக்கிடும் க்ரோமேக்ஸ் மென்பொருளை நான்கு ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெரும்பகுதி ஓடியது பினாங்கில், கெலுகோர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடக்கும் கணினியில். அதன் விசிறிச் சத்தம் நின்றால்தான் இப்போது அம்மாவுக்குத் தூக்கம் கலைகிறது.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவான மென்பொருள் இது. இலவசம். பொத்தான்கள் கிடையாது, எல்லாவற்றையும் கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் அழுகைதான். சவ்வைக் கையால் அடுக்கப் பார்த்து, கொழுப்புக்கு நடுவே தண்ணீரைப் புகுத்தி வைத்தேன். பிறகு சார்ம்-குய் இணையதளம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பி.ஓ.பி.சி. என்ற வகைக் கொழுப்பு மூலக்கூறுகள் 128, மேலும் கீழும் தண்ணீர், மொத்தம் சுமார் 32,000 அணுக்கள். கணக்கில் காலம் நகரும் ஒவ்வோர் அடியும் 2 பெம்டோநொடி (பெம்டோநொடி என்பது நானோநொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கான ஒரு நானோநொடியைக் கடக்க 5 லட்சம் அடிகள். பழைய மடிக்கணினி நாளுக்குப் பத்து நானோநொடி நகர்ந்தது. கிராபிக்ஸ் அட்டை வாங்கிய பிறகு நூறைத் தாண்டியது.

மிகவும் பிடித்தது, அது தானாகவே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் நிலையைச் சேமித்துக்கொள்வது. பினாங்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாலையில் ஓர் இடி இடிக்கும், வீட்டு மின்சாரம் துண்டித்துக்கொள்ளும். விளக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கச் சொன்னால் போதும், முணுமுணுக்காமல் தொடங்கிவிடும். ஓட்டம் முடியும்போது ஏதாவதொரு மேற்கோளையும் அச்சிடும். பல இரவுகளில் அந்த ஒரு வரிதான் பேச்சுத்துணை.

இனி என் பிழை. லிடோகெயினுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: மின்சுமை இல்லாதது ஒன்று, ஒரு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு நேர்மின்சுமை ஏற்றது இன்னொன்று. இந்த மென்பொருளின் சாதாரண ஓட்டத்தில் வேதிப் பிணைப்பு முறியாது, புரோட்டான் இடம் மாறாது. எந்த வடிவம் என்று நாம்தான் முதலிலேயே தீர்மானித்துக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் நான் மின்சுமை இல்லாததை மட்டும் ஓட்டினேன். மூலக்கூறுகள் சவ்வின் கொழுப்புப் பகுதிக்குள் அழகாக இறங்கின. வரைபடங்களும் அழகாக இருந்தன.

அப்போதுதான் கடைவாய்ப்பல் வீங்கியது. பல் மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு, "சீழ் பிடித்திருக்கிறதம்மா. இப்போது ஊசி போட்டாலும் சரியாக மரத்துப்போகாது. முதலில் ஐந்து நாள் மாத்திரை சாப்பிடுங்கள்" என்றார். ஏன் என்று கேட்டேன். சீழ் உள்ள இடம் அமிலமாக இருக்கும், அங்கே மருந்து நரம்புக்குள் போக முடியாது என்றார். நாற்காலியிலேயே முகம் சூடானது. லிடோகெயினின் பி.கே.ஏ., அதாவது இரண்டு வடிவங்களும் சரிபாதியாக இருக்கும் பி.எச். (அமிலத்தன்மை) அளவு, 7.9 என்று என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். உடலின் இயல்பான 7.4 பி.எச். அளவில் கால்பங்குதான் மின்சுமையற்றது. அமிலம் ஏற ஏற அதுவும் குறையும். சவ்வைக் கடப்பது அந்தக் கால்பங்கு. உள்ளே போனபின் புரோட்டானை ஏற்றுக்கொண்டு, வலிச் செய்தியைக் கடத்த உதவும் சோடியம் வாய்க்காலை அடைப்பது மற்ற வடிவம். மூன்று மாதம் பாதிக் கதையை ஓட்டியிருக்கிறேன்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து 12 மூலக்கூறுகளை வைத்தேன்: மூன்று மின்சுமையற்றவை, ஒன்பது மின்சுமை ஏற்றவை. அவசரத்தில், அந்த நேர்மின்சுமையைச் சமன்செய்யும் ஒன்பது குளோரைடு அயனிகளைச் சேர்க்க மறந்தேன். மொத்த மின்சுமை சுழியாக இல்லை என்று மென்பொருள் எச்சரித்தது. எச்சரிக்கையைத் தாண்ட 'மேக்ஸ்வார்ன்' என்ற ஒரு சொல் உண்டு. புதிதாக வருகிறவர்களே, அதைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், இரண்டு நாள் ஓட்டம் குப்பைக்குப் போனது. சரிசெய்த பிறகு வேறுபாடு கண்முன் தெரிந்தது: மின்சுமை ஏற்றவை சவ்வின் தண்ணீரைத் தொடும் தலைப்பகுதியில், பாஸ்பேட்டுகளின் அருகிலேயே நின்றுவிட்டன.

முழு மயக்கம் தரும் மருந்துகளை இதே வழியில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆலிவ் எண்ணெயில் அதிகம் கரையும் மருந்து அதிகம் மயக்கும் என்று ஆய்வாளர்கள் மேயர் 1899இலும் ஓவர்டன் 1901இலும் காட்டினார்கள். அதனால் சவ்வின் மீதே எல்லோர் கண்ணும் இருந்தது. 1984இல் பிராங்க்ஸும் லீபும், மின்மினிப்பூச்சியை ஒளிரச் செய்யும், கொழுப்பே இல்லாத லூசிபெரேஸ் புரதத்தையும் அந்த மருந்துகள் தடுப்பதைக் காட்டினார்கள். அறுவைச் சிகிச்சை அளவில் மருந்து சவ்வில் ஏற்படுத்தும் மாற்றத்தை ஒரு டிகிரி வெப்ப உயர்வே ஏற்படுத்திவிடும் என்பதும் அவர்கள் தரப்பு வாதம். ஒரு டிகிரி காய்ச்சலில் யாரும் மயங்குவதில்லையே. ஆகவே வெறும் சவ்வை மட்டும் ஓட்டிவிட்டு மயக்கத்தை விளக்கிவிட்டதாக எழுதும் கட்டுரைகளை நான் சந்தேகத்துடன்தான் படிக்கிறேன்.

அம்மாவின் கேள்வி இதைவிடக் கடினம். தைப்பூசத்தன்று இங்கே தண்ணீர்மலைக் கோயிலில் ஊசியே போடாமல் அலகு குத்திக்கொள்கிறார்களே, அதை உன் கணினியில் ஓட்டிக் காட்டு என்கிறார்.

இதற்கென்று கணினி வாங்குவதானால் முதலில் பெரிய வட்டு வாங்குங்கள். பத்து பிகோநொடிக்கு (நானோநொடியில் நூறில் ஒரு பங்கு) ஒருமுறை மூலக்கூறுகளின் இருப்பிடத்தைச் சேமித்தால் 100 நானோநொடி ஓட்டம் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். மூலக்கூறைச் சவ்வின் வெவ்வேறு ஆழங்களில் நிறுத்தி அளக்கும் அம்பிரெல்லா சாம்ப்ளிங் தொடங்கினால் நாற்பது ஓட்டங்கள் வரிசையில் நிற்கும். என்னுடையதில் இப்போது இருபத்து மூன்றாவது ஓடுகிறது.