உடுக்கைக்கு எது துணை: எம்எஸ்-20 மினியா, மதர்-32ஆ?

சோமனூரில் எங்கள் தெருவில் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய உடுக்கை ஒலியை மைக்கில் பிடித்துச் சிந்தசைசருக்குள் (மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவி) செலுத்தி, அதிலிருந்து புது ஒலியை எழுப்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோர்க் எம்எஸ்-20 மினி, மோக் மதர்-32 என்ற இரண்டு சிந்தசைசர்களுக்கும் நடுவே வெகுநாள் ஊசலாடினேன். கோவை நண்பரிடம் இரண்டும் இருந்தன. சில வாரங்கள் இரவல் வாங்கி வாசித்துப் பார்த்த பிறகு எம்எஸ்-20 மினியை வாங்கினேன்.

இரண்டும் அனலாக், ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். இரண்டிலும் 3.5 மி.மீ. பேட்ச் துளைகள், அதாவது கேபிள் செருகிப் பகுதிகளை இணைக்கும் துளைகள். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், எதை வாங்கினாலும் இடையில் சிறு மிக்சர் வைப்பது நல்லது.

2015இல் வந்த மதர்-32இன் ஃபில்டரை (அதிர்வெண்களை வடிகட்டி ஒலியின் நிறத்தை மாற்றும் பகுதி) மனதாரப் பாராட்டுவேன். வெளி ஒலிக்கென்று ஒரு துளை உண்டு. அதில் கேபிளைச் செருகினால் மிக்ஸ் குமிழில் இரைச்சல் ஒலியின் இடத்தை நம் ஒலி பிடித்துக்கொள்ளும். உடுக்கை அந்த ஃபில்டருக்குள் போய் வரும்போது கனமும் குளுமையும் சேர்ந்துவிடுகின்றன. சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் 32 படிச் சீக்வென்சரும் உள்ளேயே இருக்கிறது.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது ஃபில்டர் அல்ல, வாசல். சிந்தசைசரில் ஒலி வெளியேறும் வாசலை வழக்கமாகத் திறப்பது விசைப்பலகைக் கட்டை. கட்டையை அழுத்தினால் என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் போக்கை வகுக்கும் மின்னழுத்தம்) எழும், வாசல் திறக்கும். வெளியிலிருந்து வரும் ஒலிக்கு யார் கட்டையை அழுத்துவது? உடுக்கை அடிப்பவருக்கு இடது கை வார்க்கயிற்றை நெருக்கும், வலது கை தோலைத் தட்டும். “தம்பி, எனக்கு இருப்பது இரண்டு கைதானுங்க” என்றார் அண்ணன். மதர்-32இல் வாசலை நிரந்தரமாகத் திறந்து வைக்கலாம். அப்போது ஒலி தடையின்றிப் போகும், ஆனால் அடிக்கு அடி என்வலப் எழாது. அதற்கு, ஒலியின் வலுவை மின்னழுத்தமாக்கும் என்வலப் ஃபாலோவர் ஒன்றைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும்.

எம்எஸ்-20இல் அது 1978இல் வந்த மூலக் கருவியிலேயே இருந்தது. 2013இல் 86 விழுக்காடு அளவில் வந்த மினியிலும் அப்படியே இருக்கிறது. வெளி ஒலிக்கென்றே ஒரு தனிப் பகுதி. உடுக்கை ஒலி நாம் வைத்த வரம்பைத் தாண்டியதும் ட்ரிகர் என்ற தூண்டல் துடிப்பு பிறக்கிறது. அதை எடுத்து ட்ரிகர் உள்ளீட்டில் செருகினால் ஒவ்வோர் அடிக்கும் வாசல் தானே திறக்கும். அடியின் வலுவும் தனி மின்னழுத்தமாக வருகிறது. அதை ஃபில்டருக்குக் கொடுத்தேன்: விரல் மெல்லத் தொட்டால் ஒலி மூடியே இருக்கிறது, ஓங்கித் தட்டினால் சீறித் திறக்கிறது.

இன்னொன்று, சுருதி. வார்க்கயிற்றை நெருக்கும்போது உடுக்கையின் குரல் மேலேறும் அல்லவா? எம்எஸ்-20 அந்த அதிர்வெண்ணை மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது; கேபிள் வழியே அதைச் சுரத்தை உருவாக்கும் ஆசிலேட்டருக்கு அனுப்பினேன். அண்ணன் நெருக்கினார், சிந்தசைசரின் குரலும் கூடவே ஏறியது. இருவருமே வாயடைத்து உட்கார்ந்துவிட்டோம். பலமுறை தடுமாறவும் செய்தது. தோலின் மேல்சுரங்கள் அதைக் குழப்புகின்றன. கீழ்வெட்டு, மேல்வெட்டுக் குமிழ்களைத் திருகிப் பட்டையைக் குறுக்கினால் பெருமளவு நிதானமாகிறது.

அந்தக் கீழ்வெட்டுக் குமிழ் எங்கள் ஊருக்கு வேறொரு வகையிலும் உதவியது. இரண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடுகிறது. சுவர் வழியே வரும் அதன் தடதடப்பு முதல் நாள் அடி அடியாக வாசலைத் திறந்துகொண்டே இருந்தது. கீழ் அதிர்வெண்களை வெட்டி, வரம்பையும் சற்று உயர்த்தியதும் தறி அடங்கியது, உடுக்கை மட்டும் நின்றது. காற்றில் பறக்கும் பஞ்சு துளைகளில் படியாதபடி வேட்டித் துணி போர்த்தி வைக்கிறேன்.

கணினியில் செய்யக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். 48 கிலோஹெர்ட்ஸில், ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபர் 256 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே ஐந்து மில்லிவிநாடிக்கு மேல் தாமதம். பதிவுக்கு அது பொருட்டல்ல; அடித்தபடியே கேட்டுப் பாடுபவருக்கு விரல் உறுத்துகிறது. நாதஸ்வரத்தை நான் ஒரே ஒரு மாலைதான் செலுத்திப் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நிறுத்தாமல் நீளும் ஊதலுக்கு, வாசலைத் திறந்தே வைக்கும் மதர்-32 பொருந்தக்கூடும்.

இரண்டையும் சேர்த்து இணைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்எஸ்-20இன் சுருதி மின்னழுத்தம் ஹெர்ட்ஸ்/வோல்ட் முறை, மதர்-32 ஒரு வோல்ட்/ஆக்டேவ் முறை; அதனால் ஒன்றின் சுருதி மின்னழுத்தத்தை நேராக மற்றதற்குக் கொடுத்தால் சுருதி பொருந்தாது. ட்ரிகர் முறையும் வேறு. அடியின் வலுவைச் சொல்லும் என்வலப் வெளியீட்டை மட்டும் மதர்-32இன் ஃபில்டருக்கு அனுப்பலாம். அது சிக்கலின்றி வேலை செய்கிறது.