28 மாதம் ஓட்டிய பேட்டரி சைக்கிள்: மோட்டார் தங்கம், ஒயர் வரும் வழிதான் கோளாறு

போன வாரம் காங்கேயத்திலிருந்து அத்தை மகன் போன் செய்தான். "மச்சான், பேட்டரி சைக்கிள் விலை இறங்கியிருக்குது. உன்னோடது மாதிரியே ஒண்ணு எடுத்துரலாமா?" என்றான். எடுக்காதே என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நாளும் அந்த வண்டியைப் புகழ்ந்தவன் நான்தானே. போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

36 வோல்ட், 250 வாட், பின் சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் கியர் உள்ள ஹப் மோட்டார். லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லாத வகை. பல்லடத்திலிருந்து காரணம்பேட்டைக்கு வேலைக்குப் போய்வர எடுத்தேன். சார்ஜ், மைலேஜ் கணக்கெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல நினைப்பது காற்றைப் பற்றி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற மேல்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். காலையில் நான் மேற்கே போக வேண்டும். சாதா சைக்கிளில் பாதி வழியில் இறங்கித் தள்ளியிருக்கிறேன். இந்த வண்டியில் முதல் ஆடி மாதம், காடு முழுக்கக் காற்றாலைகள் சுற்ற, சட்டை படபடக்க, வழக்கமாக மிதிக்கிற மாதிரியே மிதித்துப் போனேன். அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இனி கோளாறுக்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் கிளப்பினால் சக்கரம் கடகடவென்று உதறுகிறது, நகர மறுக்கிறது. காலால் உந்திவிட்டால் ஓடுகிறது, ஆனால் கல்லில் தேய்க்கிற மாதிரி கரகரப்பு. நின்று கிளம்பும்போது மறுபடி உதறல். வண்டி வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. மோட்டார் போய்விட்டது, முழுச் சக்கரமும் மாற்ற வேண்டும், 11,500 ரூபாய் என்றார்கள். ஒரு மீட்டர்கூட வைத்துப் பார்க்காமல் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் வீதியில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சத்தத்தைக் கேட்டதுமே, "ஏனுங் தம்பி, கெணத்து மோட்டார்ல ஒரு ஃபேஸ் விட்டுப்போனா எப்படி உறுமும்? இதும் அந்த ஜாதிதானுங்க. காயில் எரிஞ்ச வாசம் இல்லீங், பயப்படாதீங்க" என்றார். பேட்டரி டிசி என்றாலும் கண்ட்ரோலர் என்கிற மின்பெட்டி அதை மூன்று ஃபேஸாகப் பிரித்துத்தான் மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஆகவே அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

முதலில் கண்ட்ரோலரிலிருந்து மோட்டார் ஒயர்களைக் கழற்றினோம். சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றினோம். கியர் மோட்டாரில் முன்பக்கம் சுற்றினால் உள்ளே ஒன்றும் அசையாது, சக்கரம் மட்டும் தனியே ஓடும். பின்பக்கம் சுற்றினால்தான் மோட்டாரும் சேர்ந்து சுற்றும். தடங்கல் இல்லை, பல் நெரியும் சத்தம் இல்லை. பேரிங்கும் நைலான் கியரும் நன்றாக இருக்கின்றன. அப்புறம் காயிலுக்குப் போகிற தடித்த ஒயர்கள் மூன்றில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினோம். மஞ்சள் பச்சை, பச்சை நீலம், நீலம் மஞ்சள். மூன்று முறையும் சக்கரம் ஒரே அளவு இறுகியது. ஒன்றில் மட்டும் லேசாகச் சுற்றியிருந்தால் காயில் சந்தேகம். அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது ஹால் சென்சார். காந்தம் எங்கே நிற்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று சின்னக் கண்கள். ஒயரைத் திரும்ப மாட்டி, மீட்டரின் கருப்பு முனையைச் சென்சாரின் கருப்பு ஒயரில் வைத்தோம். சிவப்பில் 5 வோல்ட் வருகிறது. மெல்லிய பச்சையிலும் நீலத்திலும் சக்கரத்தை மெதுவாகப் பின்னால் திருப்பத் திருப்ப 0, 5, 0, 5 என்று மாறுகிறது. மஞ்சளில் மட்டும் 5-லேயே நிற்கிறது. ஒரு ஜோடிக் காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று சென்சாரும் சேர்ந்து 6 நிலைகள் காட்டும். ஒன்று இப்படி ஒரே பக்கம் நின்றுவிட்டால் அதில் 3 தப்பாகிவிடும். அதனால்தான் உதறல். உந்திவிட்டால் வேகத்திலேயே அந்த இடங்களைத் தாண்டிவிடுகிறது.

சென்சார் செத்துவிட்டதோ என்று நினைத்தேன். அண்ணன் அச்சிலிருந்து கேபிள் வெளியே வரும் இடத்தை லேசாக வளைத்தார். மஞ்சளில் துடிப்பு வந்தது. விட்டார், போனது.

காரணம் அங்கேயேதான் இருந்தது. இரண்டு வாரம் முன்னால் கிளுவை வேலி வெட்டிப் போட்ட முள் ஏறி பின் சக்கரம் பஞ்சர். திரும்ப மாட்டும்போது அச்சில் இருக்க வேண்டிய மூக்கு வைத்த வாஷரை விட்டுவிட்டார்கள். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சைப் பின்னால் திருப்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதே அந்த வாஷரின் வேலை. அது இல்லாததால் அச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, நட்டின் விளிம்பில் கேபிள் உரசி, உள்ளே அந்த மெல்லிய மஞ்சள் ஒயர் அறுந்திருக்கிறது. பஞ்சர் போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். இதை வடிவமைத்தவர்களைத்தான் சொல்வேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கனெக்டர் இல்லை. கேபிள் நேராக மேலே கண்ட்ரோலர் பெட்டி வரை போகிறது. ஒவ்வொரு பஞ்சருக்கும் பெட்டியைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரத்தை ஒயரில் தொங்கவிட்டபடி வேலை பார்க்க வேண்டும். வேலிக்கு வேலி முள் இருக்கிற நம் ஊரில் இந்த அமைப்போடு ஒரு வண்டியை விற்பது அநியாயம்.

அந்த மெல்லிய மஞ்சள் ஒயரை வெட்டி ஒட்டு வைத்து, ஸ்லீவ் போட்டு, வாஷரின் மூக்கைச் சட்டத்தின் பள்ளத்தில் உட்கார வைத்தோம். மழைத்தண்ணீர் ஒயர் வழியே அச்சுக்குள் இறங்காமல் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினோம். 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்போது சத்தமே இல்லை, புதிதாக வாங்கிய அன்று போல ஓடுகிறது.

அத்தை மகனுக்கு நான் சொன்னது இதுதான். பின் சக்கரத்தைப் பார். அச்சிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் 9 பின் கனெக்டர் ஒன்று இருந்து, கையால் இழுத்துக் கழற்ற முடிந்தால் எடு. என் மாடல் வேண்டவே வேண்டாம், எவ்வளவு விலை இறங்கினாலும் சரி.

அப்படியானால் உன்னுடையதை எனக்குப் பாதி விலைக்குக் கொடு என்று கேட்டான். தர முடியாது என்றேன். ஆனி பிறக்கப் போகிறது, காற்று ஆரம்பித்துவிடும்.